பெட்டியில் வராத வளையம்

ரூபினி என்ன வேலை பார்க்கிறாள் என்று அவள் அம்மா லட்சுமம்மாவுக்கு இன்றைக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. பங்காருபேட்டை பக்கத்து ஊரில் யாராவது கேட்டால், "பொம்மசந்திராவுல பெரிய கம்பெனி, இஞ்சினுக்கு என்னமோ செய்றாங்க" என்று கையை அகலமாக விரித்துக் காட்டுவாள். தம்பி சுனிலுக்கு அந்தக் கஷ்டமே கிடையாது.

"வாஷர் கம்பெனி" என்பான். "எங்க வீட்டுல முதல் டிகிரி. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. படிச்சு முடிச்சு ரப்பர் வாஷர் பொறுக்குது எங்கக்கா."

"வாஷர் இல்லடா, சீல்."

"ரெண்டுக்கும் நடுவுல ஓட்டைதானே இருக்கு?"

இந்தச் சண்டை நீலசந்திராவில் அக்காவும் தம்பியும் இருக்கும் மாடி வீட்டில் வாரத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும். ரூபினி அதற்குக் கோபப்பட்டதே இல்லை. தான் செய்வது இன்னதென்று தெரிந்தவளுக்கு எதற்குக் கோபம்? இஞ்சினுக்குள்ளே எண்ணெய் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சுழலுகிற தண்டு ஒன்று அங்கிருந்து வெளியே வந்தாக வேண்டும். தண்டு வரலாம், எண்ணெய் வரக் கூடாது. அந்த வாசலில் உட்கார்ந்து தண்டை விட்டு எண்ணெயைப் பிடிப்பது ஒரு ரப்பர் வளையம். அதன் உள்விளிம்புக்குத் தொழிற்சாலையில் உதடு என்று பேர். அந்த உதட்டில் ஒரு மயிரிழைக் கீறல் இருந்தாலும் வளையம் குப்பைக்குப் போக வேண்டும். கீறல் இருக்கிறதா இல்லையா என்று சொல்கிறவள் ரூபினி.

இந்தக் கண் அவளுக்குக் கம்பெனியில் வந்ததல்ல. அம்மா பட்டுப்புழு வளர்த்தவள். மூங்கில் தட்டு நிறையப் புழுக்கள் இலை தின்றுகொண்டிருக்கும்போது அதில் பால் நோய் கண்ட புழு ஒன்று இருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். விட்டால் தட்டே போச்சு. லேசாக மினுங்கும், தோல் கொஞ்சம் உப்பியிருக்கும், அவ்வளவுதான் அடையாளம். பள்ளிக்கூடம் விட்டு வந்த ரூபினி பையைக்கூட இறக்காமல் தட்டுக்கு மேல் குனிந்து, "இது, இது, அந்த மூலையில அது" என்று எடுத்துப் போடுவாள். அம்மா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தும் தெரியாதது அவளுக்குத் தெரியும்.

பங்காருபேட்டை அரசுக் கல்லூரியில் பட்டம் வாங்கிக்கொண்டு பொம்மசந்திராவுக்கு வேலைக்கு வந்தபோது, கடைசிப் பரிசோதனை மேஜையில் உட்கார வைத்தார்கள். மேஜைக்கு மேலே ஒரு விளக்கு, இடது பக்கம் நல்லதுக்கு நீலத் தட்டு, வலது பக்கம் கழிசலுக்குச் சிவப்புத் தட்டு. முதல் மாதத்தில் அவளுடைய சிவப்புத் தட்டு நிரம்பி வழிந்தது. ரப்பரை அச்சில் வார்க்கும் பிரிவிலிருந்து ஆட்கள் சண்டைக்கு வந்தார்கள். "ஏம்மா, எங்களை வேலையை விட்டுத் துரத்தணும்னே வந்தியா?" என்றார்கள். ரூபினி ஒவ்வொரு வளையமாக எடுத்து விளக்கில் காட்டி, "இங்க பாருங்க. இது உங்க வண்டியில போட்டா நீங்க ஓட்டுவீங்களா?" என்று கேட்டாள். அவர்கள் போய் அச்சைத்தான் சரி செய்தார்கள். வெளியே போன சரக்கு குறையென்று திரும்பி வருவது நின்றது. இப்போது அந்த வரிசைக்கே அவள்தான் பொறுப்பு.

ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு வளையத்தைக்கூட அவள் வண்டியில் பொருத்திப் பார்த்ததில்லை. அது அவளுக்கே தோன்றியதும் இல்லை, சுனில் காரின் கிளட்ச் போகும்வரை.

சுனில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். ஒரு வியாழக்கிழமை, சில்க் போர்டு மேம்பாலத்து ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. பின்னால் நின்ற பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே கன்னடத்தில் அவன் பரம்பரையை விசாரித்தான். சனிக்கிழமை காலையில் ஜெயநகர்க் குடும்பம் ஒன்றைத் தர்மஸ்தலா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வருஷா வருஷம் அவனையே கூப்பிடுகிற குடும்பம். எண்பது வயதுத் தாத்தா ஒருவரும் வருகிறார். திரும்பி வரும்போது சார்மாடி காட் மலைப்பாதை முழுக்க ஏற்றம். பாதி மலையில் கிளட்ச் வழுக்கினால் அந்தக் குடும்பத்தின் நிலையும் அவன் பேரும் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் வெள்ளிக்கிழமை விடிந்ததும் வண்டி ஆஸ்டின் டவுனில் டெஸ்மண்டின் ஷெட்டில் நின்றது. டெஸ்மண்ட் அந்த வட்டாரத்தில் பேர் பெற்ற மெக்கானிக். ஷெட்டுக்குப் பின்னாலேயே வீடு. வாயில் ஆங்கிலமும் தமிழும் ஒரே சட்டியில் கொதிக்கும். ரூபினிக்கு அன்று வார விடுமுறை. "நானும் வரேன்" என்று சுனிலோடு போய்விட்டாள்.

ஜே.சி. ரோட்டிலிருந்து சுனில் வாங்கி வந்த கிளட்ச் பெட்டி திறந்து கிடந்தது. தட்டு, அதை அழுத்துகிற மூடி, பேரிங். மூன்றுதான். கியர் பாக்ஸ் இறங்கிவிட்டது. பழைய தட்டு தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது.

"வெரி சிம்பிள்" என்றார் டெஸ்மண்ட். "தட்டு தேஞ்சிருக்கு, மாத்தறோம், மத்தியானம் வண்டி ரெடி."

ரூபினி வண்டிக்கு அடியில் குனிந்து எட்டிப் பார்த்தாள். "அங்கிள், அந்தச் சக்கரத்துக்குப் பின்னாடி ஒரு சீல் இருக்கணுமே? கிராங்க் தண்டோட சீல். அதை மாத்தலையா?"

டெஸ்மண்ட் சுனிலைப் பார்த்தார். "யார்ப்பா இது?"

"எங்கக்கா. வாஷர் கம்பெனி."

"லிசன் மா. தட்டுல எண்ணெய் இருக்கா? இல்ல. அப்ப சீல் ஒழுகல. காஞ்சு கிடக்குற சீலைத் தொடவே கூடாது. நல்லாத் தூங்குற குழந்தையைக் கிள்ளி எழுப்புவியா?"

"பெட்டியில மூணுதானேக்கா வந்திருக்கு?" என்றான் சுனில். "நாலாவது வேணும்னா கம்பெனிக்காரனே போட்டிருக்க மாட்டானா?"

"கிளட்ச் செய்றவன் கிளட்ச்தான்டா போடுவான். சீல் செய்றது நாங்க."

டெஸ்மண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃப்ளைவீல் என்கிற அந்தச் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பழைய சீல் காய்ந்துதான் இருந்தது. ரூபினி நகத்தால் அதன் ஓரத்தை அழுத்தினாள். அமுங்கவில்லை. பொரித்த அப்பளம் மாதிரி விறைத்திருந்தது.

"ரப்பர் செத்துப்போச்சு அங்கிள். சூடு பட்டுப் பட்டு இறுகிடுச்சு. இன்னைக்குக் காஞ்சிருக்கு, காட்ல ஏறும்போது இஞ்சின் கொதிச்சா பிளந்துக்கும். எண்ணெய் நேரா புதுத் தட்டு மேல. அப்புறம் திரும்ப கியர் பாக்ஸ் இறக்கணும், திரும்பத் தட்டு வாங்கணும். இப்ப எல்லாம் இறங்கித்தானே கிடக்கு?"

"நான் எத்தனை வண்டி பார்த்திருக்கேன் தெரியுமா? பழசு ஒழுகாது. புதுசு போடுறப்பதான் எவனாவது கோணலா அடிச்சு ஒழுக விடுவான்."

"நீங்க கோணலா அடிப்பீங்களா?"

"ஏய்! டெஸ்மண்டைப் பார்த்து அந்தக் கேள்வியா?" அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "சரி, மாத்தறேன். ஆனா ஒண்ணு. நல்லா இருந்ததை மாத்தச் சொன்னது நீ. நாளைக்கு ஒழுகினா இந்தத் தெருவுல என் பேரைச் சொல்லக் கூடாது."

"என் பேரைச் சொல்லுங்க" என்றாள் ரூபினி.

சுனில் தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, விளையாடாதக்கா. ஒழுகிச்சுன்னா காட்ல நான் அந்தத் தாத்தாவைத் தோள்ல தூக்கிட்டு ஏறணும்."

"ஒழுகாது. வண்டி சாவி கொடு... இல்ல வேணாம், அங்கிளோட ஸ்கூட்டரை எடு. ஜே.சி. ரோடு போவோம்."

சீல் வாங்கத் தானே போக வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். கடைக்காரர் ஒரு பொட்டலத்தை எடுத்துப் போட்டார். அவள் பிரித்து, வெளிச்சத்தில் திருப்பி, உதடு முழுக்க ஒரு சுற்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"வெட்டு விழுந்திருக்கு. வேற."

இரண்டாவதைப் பார்த்தாள். "உள்ள இருக்கிற ஸ்பிரிங் ஒரு இடத்துல தளர்ந்திருக்கு. வேற."

"அரே மேடம், வண்டிக்கு வாங்க வந்தீங்களா, கல்யாணத்துக்கு வளையல் வாங்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர். பக்கத்தில் நின்ற இரண்டு மெக்கானிக்குகள் சிரித்தார்கள். சுனில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாலையில் போகிற ஆட்டோக்களைப் பார்க்க ஆரம்பித்தான்.

"வளையல் உடைஞ்சா கையோட போச்சுண்ணா. இது உடைஞ்சா மலையில நிக்கணும். இன்னொண்ணு காட்டுங்க."

மூன்றாவதை அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பொட்டலத்தின் மேலிருந்த பேரைப் படித்து உதட்டைப் பிதுக்கினாள். அவள் கம்பெனிக்குப் போட்டிக் கம்பெனி. "பரவால்ல, நல்லாத்தான் பண்ணியிருக்கான்" என்று கொஞ்சம் பொறாமையோடு ஒப்புக்கொண்டு வாங்கினாள்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் டெஸ்மண்ட் கரியேறிய டப்பாவிலிருந்து விரலில் கிரீஸை வழித்தார். ரூபினி சீலைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அந்தக் கையாலயா? அதுல மண்ணு இருக்கு அங்கிள். எதுவுமே வேணாம், உதட்டுல எதுவும் படக் கூடாது. அப்படியே போடுங்க."

அது அவள் மேஜையின் சட்டம். உதட்டில் எண்ணெய் படக் கூடாது, விரல் படக் கூடாது, மூச்சுக்கூடப் படக் கூடாது. அப்படித்தான் அவள் தன் வரிசைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

டெஸ்மண்ட் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "காஞ்ச தோசைக்கல்லுல மாவு ஊத்துவியா நீ?"

"என்ன அங்கிள்?"

"இஞ்சின் ஸ்டார்ட் பண்ணதும் கிராங்க் எப்படிச் சுத்தும்? எண்ணெய் வந்து சேர்றதுக்குள்ள உன் உதடு வறண்டு போய்த் தேய்ஞ்சு கருகிடும். இந்த மாதிரி ரப்பர் சீலை எண்ணெய் தடவாம ஏத்தினா முதல் சுத்துலயே காலி, மா."

ரூபினி யோசித்தாள். தொழிற்சாலையில் சீலை ஓட்டிப் பார்க்கும் இயந்திரத்தில் அது எப்போதும் எண்ணெய்க்குள்ளேயே கிடக்கும். யாரும் தனியாகத் தடவ வேண்டியிருந்ததில்லை. அதனால் அந்தக் கேள்வியே அவள் முன்னால் வந்ததில்லை. மனுஷன் சொல்வது சரி.

"ஆமா அங்கிள், தடவணும்" என்றாள். "ஆனா இந்தக் கிரீஸ் வேணாம். புது இஞ்சின் ஆயில். நான் கை கழுவிட்டு வந்து தடவறேன்."

"தட்ஸ் இட். வா."

அவள் சோப்புப் போட்டுக் கழுவிய விரலால் உதட்டைச் சுற்றி எண்ணெய் பூசினாள். டெஸ்மண்ட் ஒரு குழாய்த் துண்டை மேலே வைத்து, எதிரெதிர் பக்கமாக மெல்லத் தட்டினார். கோணல் இல்லை. பாதிக்கு மேல் உட்கார்ந்ததும் நிறுத்தி, "இங்க பாரு" என்று அவளைக் கூப்பிட்டார். தண்டில் பழைய சீல் உரசி உரசி ஒரு மெல்லிய கோடு விழுந்திருந்தது. "அதே ஆழத்துல போட்டா புது உதடும் அந்தப் பள்ளத்துலயே உக்காரும். ஒரு நூல் முன்னாடியே நிறுத்திட்டா தேயாத இடத்துல உக்காரும்."

ரூபினி அந்தக் கோட்டை வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நீலத் தட்டில் போட்டு அனுப்பிய வளையங்களெல்லாம் எங்கெங்கோ இப்படிக் கோடு போட்டுக்கொண்டிருக்கின்றன. அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

மத்தியானத்துக்கு மேலாகிவிட்டது எல்லாம் ஏறி முடிக்க. இஞ்சினின் வெளிப்புறம் முழுக்கப் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்பிக் கிடந்ததை டெஸ்மண்ட் டீசல் விட்டுக் கழுவிப் பளிச்சென்று ஆக்கினார். மூவரும் ஏறித் தொம்லூர் மேம்பாலம் வரை போனார்கள். ஏற்றத்தில் நடுவில் நிறுத்தி, மறுபடி எடுத்தான் சுனில். வண்டி கயிற்றில் கட்டி இழுத்த மாதிரி ஏறியது.

"அய்யோ, வெண்ணெய் மாதிரி இருக்கு!" என்றான். "டெஸ்மண்ட் அண்ணா, நீங்க தெய்வம்."

"மூணாவது சீல் எடுத்த தெய்வம் பின்னாடி உக்காந்திருக்கு" என்றார் டெஸ்மண்ட்.

ஷெட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தி, டீ குடித்து முடித்து வந்து பார்த்தால், கீழே சிமெண்ட்டில் எண்ணெய்ச் சொட்டு. சரியாகக் கிளட்ச் இருக்கிற இடத்துக்குக் கீழே. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சொட்டு விழுந்தது.

சுனிலுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்புறம் சிவந்துவிட்டது. "சொன்னேனேக்கா! சும்மா இருந்ததை நோண்டாதன்னு சொன்னேனே! காஞ்சு கிடந்துச்சு, நல்லா இருந்துச்சு. உன் டிகிரியைக் காட்டுறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா? நாளைக்குக் காலையில நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

ரூபினி கீழே உட்கார்ந்து சொட்டை விரலில் தொட்டு மோந்து பார்த்தாள். கியர் ஆயிலாக இருந்தால் நாறும். இது நாறவில்லை. இஞ்சின் ஆயில்தான். அவள் மாற்றச் சொன்ன சீல் தடுக்க வேண்டிய எண்ணெய்.

ஆனாலும் கண் முன்னால் அந்த வளையம் நின்றது. ஒரு சுற்று முழுக்கப் பார்த்த உதடு. தட்டும்போது ஒரு பக்கமும் சாயாமல் உட்கார்ந்த விளிம்பு. அது ஒழுகக் காரணமே இல்லை.

"இறக்கிடுவோம் மா" என்றார் டெஸ்மண்ட். அவர் குரலில் கிண்டல் இல்லை. "கியர் பாக்ஸைத் திரும்ப இறக்கிப் பார்த்துடலாம். ராத்திரி ஆயிடும், வேற வழி இல்ல."

"வேணாம் அங்கிள்."

"வேணாமா? ஹௌதா? அப்படியா?" என்று சுனில் கன்னடத்துக்குத் தாவினான். "பின்ன என்ன, பூஜை போடலாமா?"

"அது எங்கிருந்து வருதுன்னு முதல்ல பார்க்கணும். சொட்டு கீழதான் விழும், எங்க கிளம்பினாலும். அங்கிள், வீட்டுல பவுடர் இருக்கா? மூஞ்சிக்குப் போடுற பவுடர்."

டெஸ்மண்ட் ஒரு நொடி விழித்தார். அவள் சொல்லி முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார். "அல்போன்சா! உன் பவுடர் டப்பாவைக் கொண்டா!"

"எதுக்கு?" என்று அவர் மனைவி ஜன்னலிலிருந்து கேட்டாள்.

"காருக்கு மேக்கப்!"

"எனக்கு ஒரு டப்பா வாங்கிட்டு வர வக்கில்ல, காருக்குக் கேக்குது" என்று திட்டிக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தாள் அல்போன்சா. கொடுத்துவிட்டுப் போகாமல், என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று அங்கேயே நின்றுகொண்டாள்.

தொழிற்சாலையில் எந்த இடத்தில் உதடு வியர்க்கிறது என்று தெரியாதபோது வெள்ளைத் தூளைத் தூவி ஓட்டிப் பார்ப்பார்கள். எண்ணெய் போன வழி தூளில் கறுப்புக் கோடாகத் தெரியும். ரூபினி இஞ்சினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்தைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, மேலிருந்து கீழ்வரை பவுடரைத் தட்டினாள். ஷெட் முழுக்க மல்லிகை வாசனை. "ஸ்டார்ட் பண்ணுடா."

இஞ்சின் ஓடியது. டெஸ்மண்ட் மெல்ல வேகம் கூட்டச் சொன்னார். விளக்கைப் பிடித்துக்கொண்டு அவரும் அவளும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். அடியில் தூள் வெள்ளையாகவே இருந்தது. இன்னும் வெள்ளை. சுனில் ஓட்டுநர் சீட்டிலிருந்து, "என்னாச்சு? என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

அப்போது மேலே, இஞ்சின் தலையில், வால்வு மூடியின் மூலையில் தூள் நனைந்தது. அங்கிருந்து ஒரு கறுப்புக் கோடு பல்லி இறங்குகிற மாதிரி நின்று நின்று இறங்கி, இஞ்சினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்தின் வெளிப்பக்கமாகவே வழிந்து, அடியில் வந்து சொட்டாக நின்றது.

"ஜீசஸ்!" என்றார் டெஸ்மண்ட். "டாப் கவர் பேக்கிங்! இத்தனை நாள் பிசுக்கும் புழுதியும் அதை அடைச்சு வெச்சிருக்கு. நான் கழுவி விட்டேன் பாரு, வழி திறந்துடுச்சு."

"உங்க மேலயும் தப்பில்ல, என் சீல் மேலயும் தப்பில்ல" என்றாள் ரூபினி. நிமிர்ந்தபோது மூக்கெல்லாம் பவுடர்.

"நாம ரெண்டு பேரும் கீழயே பார்த்துட்டு இருந்துட்டோம், மா. மேல பார்க்கல."

மூடியைக் கழற்றி அந்த ரப்பர் பேக்கிங்கை மாற்றுவது பெரிய வேலை இல்லை. கியர் பாக்ஸைத் தொடவே வேண்டாம். பேக்கிங்கும் தெருக் கோடியிலேயே கிடைத்தது. அதையும் ரூபினி கையில் வாங்கி ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வெயில் தாழ்வதற்குள் வேலை முடிந்தது. மறுபடி தூள், மறுபடி ஓட்டம், மேலிருந்து கீழ்வரை வெள்ளை.

வீட்டுக்குத் திரும்பும்போது விவேக்நகர் தாண்டியதும் சுனில் ஆரம்பித்தான். "அக்கா, ஒண்ணு கேக்கறேன். எண்ணெய் மேல இருந்துதான் வந்துச்சு. அப்ப நீ மாத்தச் சொன்ன பழைய சீல் நல்லாத்தானே இருந்துச்சு? சும்மா மாத்தினோமா?"

"ஒழுகல. நல்லா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"நேத்துக் காலையில நீ கிளம்பும்போது கிளட்ச் கூட ஒழுங்காத்தான் இருந்துச்சு. சில்க் போர்டு ஏற்றத்துலதான் தெரிஞ்சுது. அந்த ரப்பர் செத்தது காட் ஏற்றத்துல தெரிய வேணாம்னு எனக்குத் தோணுச்சு. அவ்வளவுதான்."

சுனில், "வழக்குப் பேசப் போயிருக்கலாம் நீ" என்றான்.

சனிக்கிழமை விடியலில் அவன் கிளம்பிப் போனான். அவர்கள் திரும்பி வரும் ஞாயிற்றுக்கிழமை ரூபினிக்கு வேலை நாள். மேஜையில் உட்கார்ந்து வளையங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் மனசு சார்மாடியில் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. சாப்பாட்டு வேளையில் கேண்டீன் வரிசையில் நிற்கும்போது போன் அடித்தது.

"அக்கா, ஏறிட்டேன்." பின்னால் காற்றுச் சத்தமும் ஒரு குழந்தை அழுகிற சத்தமும். "மலை உச்சியில, கொட்டிகெஹாராவுல டீ குடிக்கிறாங்க. நடுக் காட்ல லாரி ஒண்ணு மாட்டிக்கிட்டு எல்லாரும் ஏற்றத்துலயே நின்னோம், நின்னு நின்னு எடுத்தேன். வழுக்கவே இல்ல. இஞ்சின் செம சூடு. படுத்துப் பார்த்துட்டேன், ஒரு சொட்டுகூட இல்ல."

"தாத்தா எப்படி இருக்காரு?"

"முழுக்கத் தூங்கிட்டே வந்தாரு. அதை விடு. அக்கா, முன் சக்கரத்துக்குப் போற தண்டு கியர் பாக்ஸ்லேர்ந்து வெளிய வருதே, அந்த வாசல்லயும் உங்காளுங்க சீல் இருக்குமில்ல?"

ரூபினி தட்டை நீட்டிச் சோறு வாங்கிக்கொண்டாள். "ரெண்டு இருக்கும். பக்கத்துக்கு ஒண்ணு."

"வர்ற வாரம் உனக்கு லீவு என்னைக்குன்னு சொல்லு. டெஸ்மண்ட் அண்ணன்கிட்ட வண்டியை விட்டுடறேன். கடைக்கு நீ வந்தாதான் போவேன்."

"கேக்கறவங்ககிட்ட என்னன்னு சொல்லுவ, எங்க வேலை செய்றேன்னு?"

"சாப்பாட்டு நேரம், சாப்பிடு போ" என்று சிரித்தான் சுனில். பிறகு, யாரோ கூப்பிட்டதற்கு, "வரேன் சார், எங்கக்காகிட்ட பேசிட்டிருக்கேன்" என்று அவன் பதில் சொல்வது கேட்டது. "பொம்மசந்திராவுல சீல் இன்ஸ்பெக்டர். அவங்க பார்த்துக் கொடுத்த சீல்லதான் நாம இப்ப மலை ஏறி வந்தோம்."

போனை வைக்காமலேயே அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பின்னால் நின்ற பெண் தட்டால் முதுகில் இடித்து, "நகருக்கா, பசிக்குது" என்றாள்.